ரெண்டு பக்கமும் எடுக்கணுமா

கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே
மூன்றாவது கடை என்னுடையது.
ஒரு பக்கம் ஒன்றரை ரூபாய், பின்பக்கமும் சேர்த்தால் இரண்டு.
விழுப்புரத்துச் சர்க்கரை, பண்ருட்டி பிரஷர்,
திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மார்புக் கட்டி
எல்லாம் என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து
ஒருமுறை வெளிச்சம் வாங்கிக்கொண்டு போகும்.

நான் படிப்பதில்லை.
அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.
பதினொரு வருஷத்தில் கண் தானாகப் பழகிவிட்டது:
மெட்ஃபார்மின் ஐந்நூறு, காலை, இரவு.
எடை. இடுப்புச் சுற்றளவு.
கீழே வேறொரு கையெழுத்தில்
கருப்பை. பெருங்குடல். கணையம்.
சுவர் ஒன்றுதான், வீடு இரண்டு என்பதுபோல
ஒரே தாளில் குடியிருப்பார்கள்.

என் தாளும் ஒருநாள் அங்கே படுத்தது.
பிலோமினா, ஐம்பத்திரண்டு, நூற்றி நாலு கிலோ.
மூடியை மூட மறந்துவிட்டேன்.
ஓரமெல்லாம் கறுப்பாக வந்தது நகல்.
அதையே கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

"வாயைக் கட்டியிருந்தா வந்திருக்காது" என்றாள் அண்ணி,
அரைக் கிலோ மைசூர்பாகை மேசைமேல் வைத்தபடி.
ஆஸ்பத்திரியில் என்னை எத்தனை முறை நிறுத்தார்கள்!
வெளியே எடுத்த கருப்பை எவ்வளவு கனம் என்று கேட்டதற்கு
யாருக்கும் தெரியவில்லை.

பிறகு சர்க்கரைக்கு வாரம் ஓர் ஊசி.
ஒரு மாத ஊசி என்பது மூவாயிரம் பக்கம்.
என் கடையில் ஃபிரிட்ஜ் கிடையாது.
பக்கத்து ஜூஸ் கடையில்
பன்னீர் சோடாவுக்குப் பின்னால் இருக்கிறது என் பேனா.
மதியம் ஒரு மணிக்குக் கதவை உடைக்கிற பசி
இப்போது தெருமுனையில் நின்று
எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

தொண்ணூற்று ஒன்று ஆனேன்.
வளையல் முழங்கைவரை ஏறியது.
பூக்காரி மெதுவாகக் கேட்டாள்:
"என்னக்கா, மறுபடியும் வந்துடுச்சா?"
குண்டாக இருந்தபோது அதனால் வந்தது என்றார்கள்,
இளைத்தால் அது வந்திருக்கிறது என்கிறார்கள்.
இளைக்க வைப்பது எது என்று
ராத்திரியில் நானும் வயிற்றைத் தொட்டுக் கேட்டிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை டாக்டர் நஃபீஸா வந்தார்.
படிக்கிற டாக்டர், நாகூர்ப் பெண், எப்போதும் அவசரம்.
கட்டுரை ஒன்று, இருபது பிரதி, பின் அடிக்க வேண்டும்.
பருமன் உள்ள முந்நூற்றுச் சொச்சம் பேர்,
அவர்களின் சர்க்கரை மருந்து, புற்று, வருஷங்கள்.
பெயர் இல்லை, எண்கள்தான்.
அதில் நான் எந்த எண்ணோ.
"மருந்து எடுத்தவங்களுக்குத் திரும்ப வர்றது கம்மியாமே?
அப்போ இந்த ஊசி அதையும் தடுக்குமா டாக்டர்?"

அவர் பேனாவால் காதைச் சொறிந்தார்.
"தொடர்பு இருக்கிற மாதிரி தெரியுதுக்கா.
அதுதான் காரணம்னு சொல்ல முடியாது.
ஊசி வாங்க முடிஞ்சவங்க
ஸ்கேனுக்கும் ஒழுங்கா வந்திருக்கலாம், இல்லையா?"
"வாங்க முடியாதவங்க?"
"ரெக்கார்டு முழுசா இருந்தவங்களைச் சேர்த்தோம்."

நெல்லிக்குப்பத்துப் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி,
என்னைவிடப் பருமன்,
மூச்சு வாங்க வாங்க வந்து நிற்பாள்.
ரெண்டு பக்கமும் எடுக்கணுமா என்றால்
முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு
"முன்னாடி மட்டும் போதும்" என்பாள்.
அந்த அரை ரூபாய்
அவளுக்கு டீயில் பாதிகூட இல்லை.
மாசி மகத்துக்குப் பிறகு அவளைக் காணோம்.

பத்தொன்பதாவது பிரதியில் தாள் சிக்கியது.
இழுத்து எடுத்தேன், நடுவில் கிழிந்திருந்தது.
டாக்டர் மணிக்கட்டைப் பார்த்தார்.
"அது போகட்டும்க்கா, பத்தொன்பது போதும்."
இல்லை, இருங்கள் என்றேன்.